வாங்கும் முன் அளந்து பாருங்கள்: ஒரு திருவொற்றியூர் புல்லட்டைச் சீரமைத்த குறிப்புகள்

பழைய மோட்டார் சைக்கிளைச் சீரமைக்க இறங்குகிறவர்கள் பெரும்பாலும் முதலில் செய்வது, எதையெல்லாம் புதிதாக வாங்க வேண்டும் என்று பட்டியல் எழுதுவதுதான். 1960-களின் நடுவில் திருவொற்றியூரில் உருவான புல்லட் 350 ஒன்றை முழுவதும் பிரித்து, பழுது நீக்கி, மறுபடி ஓட வைத்த பிறகு எனக்கு உறுதிப்பட்டிருக்கும் கருத்து இதற்கு நேர் எதிரானது. வண்டியோடு வந்த ஒவ்வொரு பாகத்தையும் துடைத்து, அளந்து, அதை மீட்க வழியே இல்லை என்று தெரிந்த பிறகுதான் கடைப் பக்கம் போக வேண்டும். பணத்தை மிச்சம் பிடிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. சில பாகங்களை மீட்க ஆன கூலி, புதியதன் விலையைவிடக் கூடுதலாகவே இருந்தது. அந்த வண்டியின் சட்டகத்துக்கும் (ஃப்ரேம்) அந்த எஞ்சினுக்கும் என்று செய்யப்பட்ட பாகம் பொருந்துவதைப்போல, அதே பெயரில் இன்று விற்கும் பாகம் பொருந்துவதில்லை என்பதே காரணம்.

அது ஏன் பொருந்துவதில்லை என்பதற்கு வண்டியின் வரலாற்றையே பார்க்க வேண்டும். இங்கிலாந்தில் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் சேர்ந்து 1955-ல் என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. முதலில் பாகங்கள் கப்பலில் வந்து திருவொற்றியூரில் பூட்டப்பட்டன; பிறகு அச்சுகளும் கருவிகளும் வந்துசேர, படிப்படியாக முழு வண்டியும் இங்கேயே உருவானது. ரெட்டிச் தொழிற்சாலை 1967-ல் மூடப்பட்டது; 1970-ல் இங்கிலாந்து நிறுவனமே இல்லாமல் போனது. ஆனால் 70 மி.மீ. துளையும் 90 மி.மீ. ஸ்ட்ரோக்கும் கொண்ட அதே 346 சி.சி. வார்ப்பிரும்பு எஞ்சின் இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டு வரை சென்னையில் வார்க்கப்பட்டுக்கொண்டே இருந்தது. 1977-ல் இந்த வண்டி இங்கிலாந்துக்கே ஏற்றுமதியும் ஆனது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரே வடிவம் என்பதால் பாகம் கிடைப்பது எளிது என்று எண்ணத் தோன்றும். உண்மையில் இதுவே பெரிய சிக்கல். அந்த ஐம்பது ஆண்டுகளில் மரையின் அளவு மாறியது, மின்சாரம் 6 வோல்ட்டிலிருந்து 12 வோல்ட்டுக்குப் போனது, கார்புரேட்டர் மாறியது, வார்ப்பின் கனம் மாறியது. பாகத்தின் பெயர் மட்டும் மாறவில்லை. "புல்லட்டுக்கு ஒன்று கொடுங்கள்" என்று கேட்டால் கடைக்காரர் கொடுப்பது எந்த ஆண்டுப் புல்லட்டுக்கு உரியது என்பது அவருக்கே தெரியாமல் இருக்கலாம்.

மரையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பழைய புல்லட்டுகள் அதிகம் சேதமடைந்திருப்பது அங்கேதான். அந்தக் காலத்து பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள்களில் ஒரே வண்டிக்குள் பல வகை மரைகள் கலந்திருக்கும். அலுமினிய வார்ப்புக்குள் இறங்கும் ஸ்டடுகளில் பரும்படியான விட்வொர்த் மரை, வேறு சில இடங்களில் அதைவிட நெருக்கமான பி.எஸ்.எஃப். (பிரிட்டிஷ் ஸ்டாண்டர்டு ஃபைன்) மரை, மற்றும் பல இடங்களில் அங்குலத்துக்கு 26 சுற்று உள்ள சைக்கிள் மரை. விட்வொர்த்தின் கோணம் 55 பாகை. சைக்கிள் மரையின் கோணம் 60 பாகை. இன்றைய மெட்ரிக் மரையும் 60 பாகைதான். இதில்தான் ஆபத்து இருக்கிறது. கால் அங்குல சைக்கிள் மரையின் விட்டம் 6.35 மி.மீ.; ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் உள்ள இடைவெளி 0.977 மி.மீ. எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும் 6 மி.மீ. போல்ட்டின் இடைவெளி 1 மி.மீ. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. கால் அங்குலத் துளைக்குள் 6 மி.மீ. போல்ட்டைப் போட்டால் அது சுலபமாக உள்ளே இறங்கும், இறுக்கும்போது பிடிப்பதுபோலவும் இருக்கும். ஆனால் மரையின் முனைகள் மட்டுமே ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டிருப்பதால், எஞ்சின் சூடேறி அதிரத் தொடங்கியதும் அலுமினியத்தில் உள்ள மரை உதிர்ந்துவிடும். என் வண்டியின் எஞ்சினில், வால்வுகளை இயக்கும் பல்சக்கரங்கள் உள்ள டைமிங் பக்க மூடியில் பாதித் துளைகள் இப்படித்தான் வீணாகியிருந்தன. அவற்றுக்கு மேல் அரால்டைட் பசை பூசி, அதற்கு மேல் சிலிகான் பசை தடவி, எண்ணெய்க் கசிவை யாரோ மறைத்திருந்தார்கள்.

நான் திருச்சியில் இருப்பது இந்த விஷயத்தில் எனக்கு வாய்ப்பாக அமைந்தது. பொன்மலை ரயில்வே பணிமனையில் பிட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் விட்வொர்த் அளவுகளை மனப்பாடமாக வைத்திருக்கிறார். அவரிடம் மரை வெட்டும் கருவிகளான டாப்பும் டையும் முழு செட்டாக இருந்தன. கெட்டுப்போன துளைகளைச் சற்றுப் பெரிதாக்கி, அலுமினியத்தில் மரைபோட்ட சிறு குழல்களைக் கடைந்து உள்ளே இறக்கி, அவற்றுக்குள் மறுபடி 26 சுற்று சைக்கிள் மரை வெட்டிக் கொடுத்தார். "தம்பி, ஸ்பானர் வாயைப் பார்த்து மரையைச் சொல்லாதே, மரை கேஜை வைத்துப் பார்" என்பது அவர் எனக்குச் சொன்ன முதல் பாடம். பத்து ரூபாய் ஸ்டிக்கரைத் தவிர வேறு எதையும் வாங்குவதற்கு முன்னால், விட்வொர்த் அளவு ஸ்பானர்களும் ஒரு மரை கேஜும் வாங்கிவிடுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்கிறேன். மெட்ரிக் ஸ்பானரால் திருகிய பழைய நட்டுகளின் மூலைகள் மழுங்கியிருப்பதை ஒவ்வொரு புல்லட்டிலும் பார்க்கலாம்.

எஞ்சினைப் பிரித்தபோது, "புது சிலிண்டர் செட் போட்டுவிடலாம் சார், ஒரு நாளில் முடிந்துவிடும்" என்றுதான் நான் கலந்துபேசிய மெக்கானிக்குகள் சொன்னார்கள். சிலிண்டரை மேல், நடு, கீழ் என மூன்று உயரங்களிலும், ஒவ்வொரு உயரத்திலும் முன்பின்னாகவும் குறுக்காகவும் போர் கேஜ் வைத்து அளந்ததில், தேய்மானம் முழுவதும் மேல் ரிங் நின்று திரும்பும் இடத்திலேயே இருந்தது தெரிந்தது. துளை இன்னும் முதல் போரை, அதாவது முதல் முறை கடைந்து பெரிதாக்கும் அளவை, தாண்டவில்லை. அதாவது, அங்குலத்தில் ஆயிரத்தில் 20 பங்கு பெரிதாக்கிப் பிஸ்டன் போட்டால் போதும். அதற்குப் பிறகும் அந்தச் சிலிண்டருக்கு ஆயுள் மிச்சம் இருக்கும். அறுபது ஆண்டுகளாகச் சூடேறிக் குளிர்ந்து, தன் உள் இழுவிசைகள் அனைத்தும் தீர்ந்துபோன வார்ப்பிரும்பு இனிமேல் கோணாது. புதிய வார்ப்பைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. கோயம்புத்தூரில் பம்ப்செட் வேலைக்குப் பேர்போன பட்டறை ஒன்றில் போர் செய்து, உள்சுவரை மெருகேற்றும் ஹோனிங்கும் செய்து வாங்கிவந்தேன். பிஸ்டனை முதலில் வாங்கி, அதை அளந்து, அதற்கேற்பத் துளையைக் கடையச் சொல்வதே முறை. துளையைக் கடைந்துவிட்டுப் பிஸ்டன் தேடினால் இடைவெளி சரியாக அமைவது அதிர்ஷ்டத்தைப் பொறுத்ததாகிவிடும்.

புல்லட் எஞ்சினின் இதயம் என்று நான் கருதுவது, பிஸ்டனை க்ராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் கீழ்முனைதான். மற்ற பல எஞ்சின்களில் அங்கே உருளைத் தாங்கிகள் இருக்கும். புல்லட்டில் ராடுக்கும் க்ராங்க் பின்னுக்கும் நடுவே எதிலும் பிணைக்கப்படாமல் தனியாகச் சுழலும் மிதவைப் புஷ் ஒன்று இருக்கிறது. அதன் உள்பக்கமும் வெளிப்பக்கமும் வெள்ளை உலோகம் பூசியது. எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதந்துகொண்டிருக்கும்வரை அது தேய்வதே அரிது. எண்ணெய் சில நொடிகள் வராமல் போனாலும் வெள்ளை உலோகம் உருகிவிடும். ஆகவே எண்ணெய் வரும் பாதை முழுவதையும் கம்பி விட்டும் காற்றடித்தும் சுத்தம் செய்வது மற்ற எல்லா வேலைகளுக்கும் முந்தியது. எண்ணெய்த் தொட்டி தனியாக இல்லாமல் க்ராங்க் கேஸின் பின்பகுதியிலேயே அமைந்திருப்பதால், பல ஆண்டுகளின் கசடு அங்கே களிமண்ணைப்போலப் படிந்திருக்கும். டைமிங் பக்கத்தில் இரண்டு பம்புகள்: ஒன்று எண்ணெயை அனுப்புவது, மற்றொன்று திரும்ப எடுப்பது. இரண்டையும் சுழற்றும் திருகு நட்டின் மரை இடப்பக்க மரை; வழக்கத்துக்கு எதிர்த்திசையில் திருகிக் கழற்ற வேண்டும். இதை அறியாமல் வலப்பக்க மரை என்று நினைத்துக் கழற்ற முயன்று, க்ராங்கின் நுனியை உடைத்த வண்டிகளைப் புதுப்பேட்டையில் நானே பார்த்திருக்கிறேன்.

டைமிங் மூடிக்கும் க்ராங்க் நுனிக்கும் இடையே ஒரு சிறு தக்கை வளையம் இருக்கிறது. பம்பிலிருந்து வரும் எண்ணெய் வெளியே சிந்தாமல் க்ராங்குக்குள் போவதற்கு அந்தத் தக்கையே பொறுப்பு. விலை அற்பம், ஆனால் கடைகளில் கிடைக்கும் தக்கை வளையங்கள் சில சமயம் கனம் குறைவாக இருக்கின்றன. மூடியைப் பூட்டும் முன் அது சற்றே அழுந்துகிறதா என்று பார்த்த பிறகே அடுத்த வேலைக்குப் போகலாம். அதே பக்கத்தில் உள்ள ஃபெல்ட் எண்ணெய் வடிகட்டியை மாற்றாமல் பழைய எண்ணெயை மட்டும் மாற்றுவதில் பொருளே இல்லை.

மேல்பகுதி வேலைகள் ஒப்பீட்டில் சுலபமானவை. வால்வு கைடுகளை மாற்றி, வால்வுகளை அரைத்து உட்கார வைத்தேன். வால்வுகளை இயக்கும் டேப்பட்டின் இடைவெளியைச் சரிசெய்வது எஞ்சின் முழுக்கக் குளிர்ந்திருக்கும்போதுதான். புஷ் ராடு விரலால் உருட்டினால் தடையின்றிச் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக்கூடாது. இந்த எஞ்சினுக்கு ஃபீலர் கேஜ் தேவைப்படாத இடம் அது ஒன்றே. தீப்பொறியை இயக்கும் பாயின்ட்டின் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. வரை. ப்ரைமரி செயின் மூடி முழுவதையும் நடுவில் உள்ள ஒரே ஒரு நட்டு பிடித்துக்கொண்டிருக்கிறது. எண்ணெய் கசிகிறது என்று அதை மேலும் மேலும் இறுக்குவதால் மூடி வளைந்து இன்னும் அதிகமாகக் கசியும். ரப்பர் வளையம் சரியாக இருந்தால் மிதமான இறுக்கமே போதும்.

பாகம் தேடுவதற்கு இனி வருகிறேன். சென்னையில் புதுப்பேட்டையும் ஜி.பி. ரோடும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தாலும் இரண்டும் வெவ்வேறு உலகங்கள். ஜி.பி. ரோட்டில் கிடைப்பது புதிய சரக்கு. தேய்ந்து மாற்றும் வகைப் பாகங்களான கேபிள், பிரேக் ஷூ, செயின், பேரிங் ஆகியவற்றுக்கு அதுவே போதும். பேரிங்கைப் பொறுத்தவரை புல்லட் கடைக்கே போக வேண்டியதில்லை. அதன் மேல் பொறித்திருக்கும் எண்ணைச் சொல்லி நல்ல நிறுவனத்தின் பேரிங்கைப் பேரிங் கடையிலேயே வாங்குவது நல்லது. புதுப்பேட்டையில் கிடைப்பது உடைத்த வண்டிகளின் பாகம். அங்கே போகும்போது கெட்டுப்போன உங்கள் பாகத்தையும், ஒரு வெர்னியரையும், மரை கேஜையும் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும். அலைபேசியில் உள்ள படத்தைக் காட்டி விலை பேசுவது வீண். அட்டைப்பெட்டிகளின் அடியில் கைவிட்டுத் துழாவ அனுமதிக்கும் கடைக்காரரிடம் நட்பாகிவிட்டால், அடுத்த முறை அவரே எடுத்து வைத்திருப்பார். தில்லியில் கரோல் பாக், கொல்கத்தாவில் மல்லிக் பஜார் ஆகியவையும் இதேபோலப் பேர்பெற்றவை. கரோல் பாகில் புல்லட் பாகம் மலைபோலக் குவிந்திருந்தாலும் அதில் பெரும்பகுதி பிற்காலத்து வண்டிகளுக்கு உரியதும், டூப்ளிகேட்டும்தான்.

எனக்கு மிகவும் பயன்பட்டது இவற்றில் எதுவும் இல்லை. டெல்டா மாவட்டத்து ஊர் ஒன்றில், பல ஆண்டுகளுக்கு முன்பே ஏஜென்சியை விட்டுவிட்ட குடும்பத்தின் கிடங்கில் விற்காமல் கிடந்த பழைய சரக்குதான் உதவியது. மெழுகுத்தாளில் சுற்றி, கிரீஸ் தடவிய நிலையில் கியர்பாக்ஸ் பல்சக்கரங்கள் அங்கே இருந்தன. இந்த வண்டியின் கியர்பாக்ஸ் ஆல்பியன் வகை: நான்கு கியர், வலக்காலில் இயங்குவது, முதல் கியர் மேலே, மற்றவை கீழே. முதல் கியரைத் தவிர மற்ற எந்த கியரிலிருந்தும் நேராக நியூட்ரலுக்கு வர, குதிகாலால் மிதிக்கும் தனி நெம்புகோல் ஒன்றும் உண்டு. அந்தப் பல்சக்கரங்களின் மேல் இருந்த கடினப்பூச்சு இன்றைய மாற்றுப் பாகங்களில் எனக்குக் கிடைக்கவில்லை. பழைய ஏஜென்சிகள் இருந்த ஊர்களின் பெயர்களைப் பழைய சர்வீஸ் புத்தகங்களின் பின்னட்டையில் பார்க்கலாம். அந்த ஊர்களில் வயதான மெக்கானிக்கைத் தேடிப்பிடித்து விசாரித்தால், நான்கில் ஒரு கதவாவது திறக்கும்.

கார்புரேட்டர் விஷயத்தில் வெளிநாட்டை நாட வேண்டியிருந்தது. வண்டியோடு வந்தது பிற்காலத்து மிக்கார்ப். அந்தக் காலத்துக்கு உரிய அமால் மோனோபிளாக்கின் உடல் மட்டும் புதுப்பேட்டையில் கிடைத்தது. ஃப்ளோட் அறையும் கலவை அறையும் ஒரே வார்ப்பாக அமைந்த துத்தநாகக் கலவை அது. அளவுக்கு மீறி இறுக்கியதால் அதன் முகப்பு வளைந்திருந்தது. தடித்த கண்ணாடியின் மேல் எமரித் தாளை ஒட்டி, முகப்பை அதில் வட்டமாகத் தேய்த்துச் சமன் செய்தேன். ஜெட்டும் ஊசியும் ஃப்ளோட்டும் இங்கிலாந்திலிருந்து வந்தன. அமாலின் தயாரிப்பு உரிமை இப்போது பர்லன் நிறுவனத்திடம் இருக்கிறது. மோனோபிளாக்கை அவர்கள் இன்றும் புதிதாகவே செய்கிறார்கள். என்ஃபீல்டு பாகங்களுக்கென்றே இயங்கும் ஹிட்ச்காக்ஸ் நிறுவனத்தின் பாகப் பட்டியலில் ஆண்டுவாரியாக வரைபடங்கள் இருப்பதால், எதையும் வாங்காவிட்டாலும் எது எதற்கு உரியது என்று தெரிந்துகொள்ள அது உதவும். சுங்க வரியும் அஞ்சல் செலவும் சேர்ந்தால் விலை ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பதால், சிறு பாகங்களை ஒரே பொட்டலமாக வரவழைப்பது நல்லது.

பெட்ரோல் டேங்கின் உட்புறத் துருவை நீக்க அமிலத்தை ஊற்றுவதை நான் பரிந்துரைப்பதில்லை. அது துருவோடு சேர்த்துத் தகட்டையும் தின்னும். சலவைச் சோடா கலந்த தண்ணீரை நிரப்பி, டேங்கைப் பேட்டரி சார்ஜரின் நெகட்டிவ் முனையிலும், டேங்கைத் தொடாமல் உள்ளே தொங்கும் சாதாரண இரும்புக் கம்பியைப் பாசிட்டிவ் முனையிலும் இணைத்தால், துரு மெல்ல இளகிக் கழன்று வரும். நல்ல இரும்புக்குச் சேதம் இல்லை. ஹைட்ரஜன் வாயு வெளியாகும் என்பதால் இதைத் திறந்த வெளியில், தீப்பொறி இல்லாத இடத்தில்தான் செய்ய வேண்டும். எவர்சில்வர் கம்பியைப் பயன்படுத்தவே கூடாது; அதிலிருந்து நச்சான குரோமியம் தண்ணீரில் கலக்கும்.

டேங்கின் உட்புறத்தைக் காப்பது முன்பைவிட இப்போது முக்கியமாகிவிட்டது. இன்று பம்புகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். வண்டி மாதக்கணக்கில் நின்றால் தண்ணீர் பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். பழைய ரப்பர் குழாய்கள் ஊறி உப்பும். மோனோபிளாக்கின் துத்தநாகக் கலவை அரிபடும். எத்தனாலைத் தாங்கும் குழாய்களை மாற்றியிருக்கிறேன். ஓட்டி முடித்ததும் பெட்ரோல் குழாயை மூடிவிட்டு, கார்புரேட்டரில் உள்ளது தீரும்வரை எஞ்சினை ஓடவிட்டு அணைப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன்.

நிறத்தைப் பொறுத்தவரை, எந்த வண்டியும் தன் முதல் நிறத்தை எங்காவது ஒளித்து வைத்திருக்கும். டூல் பாக்ஸ் மூடியின் உட்பக்கத்தையும் டேங்கின் அடிப்பகுதியையும் தண்ணீர்த் தாளால் மெல்லத் தேய்த்துப் பார்த்ததில், மூன்று அடுக்குப் பெயின்டுக்குக் கீழே கறுப்பு வந்தது. டேங்கின் ஓரத்தில் தங்கக் கோட்டின் சுவடும் தெரிந்தது. அந்தக் கோடு திருவொற்றியூரில் கையால், நீண்ட மயிர்த் தூரிகை கொண்டு ஒரே இழுப்பில் போடப்பட்டது. ஸ்டிக்கர் ஒட்டச் சொன்னவர்களின் பேச்சைக் கேட்காமல், லாரிகளுக்குக் கோடு போடும் ஓவியர் ஒருவரிடம் கொடுத்தேன். ஹெட்லைட் கூடு, அதன் இரு புறமும் உள்ள சிறு பைலட் விளக்குகள், அம்மீட்டர் ஆகியவற்றுக்குப் புதிய முலாம் பூசவில்லை. இருந்ததைத் துடைத்து மெருகேற்றியதோடு நிறுத்திக்கொண்டேன்.

சட்டமும் இந்தப் பக்கம்தான் நிற்கிறது. 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த விதிகளின்படி, 50 ஆண்டுகளுக்கு மேற்பட்ட, தன் மூல வடிவத்திலேயே பராமரிக்கப்பட்ட, பெரும் மாற்றம் எதற்கும் உட்படாத இருசக்கர, நான்கு சக்கர வாகனங்களே விண்டேஜ் என்று பதிவு பெறும். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும். எண் பலகையில் வி.ஏ. என்ற எழுத்துகள் இடம்பெறும். அப்படிப் பதிவான வண்டியை அன்றாடப் போக்குவரத்துக்கு ஓட்டக்கூடாது. ஏற்கெனவே முறையான பதிவு உள்ள வண்டிகள் தங்கள் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம் என்பதால், ஆர்.சி. புத்தகம் தொடர்ச்சியாகப் புதுப்பிக்கப்பட்ட வண்டியைத் தேடி வாங்குவது நல்லது. வண்டியின் சட்டகத்திலும் க்ராங்க் கேஸிலும் பொறித்திருக்கும் எண்களை ஆர்.சி.யோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். புதிய க்ராங்க் கேஸ் வாங்கிப் பூட்டியவர்களுக்கு இந்த இடத்தில்தான் சிக்கல் தொடங்குகிறது. உடைந்த க்ராங்க் கேஸையும் அலுமினிய வெல்டிங்கால் மீட்டு, எண்ணோடு காப்பாற்ற முடியும்.

என் வண்டி இப்போது ஓடுகிறது. இரண்டாவது கிக்கில் எடுக்கிறது. ஓடத் தொடங்கியதும் எண்ணெய் மேல்பகுதி வரை ஏறி வருகிறதா என்று ராக்கர் பாக்ஸ் மூடியைத் திறந்து அவ்வப்போது பார்க்கிறேன். வார்ப்பு முத்திரை உள்ள பழைய வலப்பக்க டூல் பாக்ஸ் மூடி ஒன்று மட்டும் இன்னும் கிடைக்கவில்லை. இப்போது பூட்டியிருப்பது தகரத்தில் அடித்த மாற்று. யாரிடமாவது இருந்தால், துருப்பிடித்து நசுங்கியிருந்தாலும் பரவாயில்லை, விலையைச் சொல்லுங்கள். எத்தனை நசுங்கலானாலும் தட்டி எடுக்கக்கூடிய டிங்கர் ஒருவர் பாலக்கரையில் இருக்கிறார்.